அறிக்கை இருக்கு, ஆளைக் காணோம்

நெய்வேலி டவுன்ஷிப் சுவர்களில் சட்டமன்ற உறுப்பினரின் வாழ்க்கை எப்போதும் ஒரே மாதிரிதான் எழுதப்படுகிறது. எத்தனை தடவை நின்றார், எத்தனை தடவை ஜெயித்தார், என்னென்ன பதவி. இந்தக் கணக்கை நம் மாவட்டத்து எல். இளையபெருமாளுக்குப் போட்டாலும் பட்டியல் நீளமாகவே வரும்: 1952இல் தொடங்கிய மக்களவை, 1979-80இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், 1980இல் எழும்பூர் எம்.எல்.ஏ. ஆனா இதை வச்சுக்கிட்டு அந்த மனுசனைப் புரிஞ்சுக்க முடியாது.

காட்டுமன்னார்கோயில்காரர் ஏன் எழும்பூருக்குப் போகணும்? தனித்தொகுதியின் சூட்சுமமே இதுதான். 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தலித் வேட்பாளரைப் பொறுக்கி எடுப்பது கட்சி, ஜெயிக்க வைப்பது ஊர் ஓட்டு. சேரி ஓட்டு மட்டும் போதாது. சேரிக்காகப் பேச வேண்டியவர் கட்சியின் தொண்டையைக் கடன் வாங்கித்தான் பேச வேண்டும்.

அப்படிப்பட்ட நாற்காலியில் இருந்துகொண்டுதான் 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை ஒழிப்பு, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1969இல் அறிக்கை வந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று அது சொன்னது. 1970இல் தி.மு.க. அரசு இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தியபோது மசோதாவின் நோக்க விளக்கத்திலேயே இந்தக் குழுவின் பரிந்துரை குறிப்பிடப்பட்டிருக்கிறது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை ஒழிப்பை ஏற்றுக்கொண்டு ஆகமத்தைக் குறுக்கே நிறுத்தியது. 2021இல் பல சாதி அர்ச்சகர்கள் நியமிக்கப்பட்டார்கள். மேடையில் பெரியார் பெயர் வந்தது, நியாயம்தான். கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தவர் அவர். கலைஞர் பெயரும் வந்தது. மசோதாவிலேயே இடம்பெற்ற குழு, அதன் தலைவர்? திராவிட இயக்க வரலாறு எழுதுகிறவர்களுக்குக் காங்கிரஸ்காரப் பறையன் ஒருவன் இந்தக் கதைக்குள் நிற்பது வசதிப்படவில்லை போலும்.

காங்கிரஸ் மட்டும் என்ன செய்தது? அறிக்கைக்குச் சற்று முன்புதான், 1968 டிசம்பர் 25இல், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டிருந்தார்கள். அப்படியும் 1955 தீண்டாமைச் சட்டத்தைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாக்க 1976 வரை ஆனது. ஏழு வருசம்!

இங்கே இளையபெருமாளையும் கேட்டாக வேண்டும். சத்தியவாணி முத்து 1974இல் அமைச்சர் பதவியை விட்டுவிட்டு தி.மு.க.விலிருந்து வெளியே வந்தார். தனிக்கட்சி கண்டார், 1977இல் அதை அ.தி.மு.க.வில் கரைத்தார். இளையபெருமாள் இந்திய மனித உரிமைக் கட்சி தொடங்கியது 1989இல், 65 வயதில். தன் அறிக்கை தூங்குவதைப் பார்த்துக்கொண்டு இத்தனை காலம் உள்ளேயே இருந்தது ஏன்? பதவி ஆசை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசில்லை. வெளியே வந்த அம்மையாருக்கும் மூணு வருசத்தில் வேறொரு பெரிய கட்சிதானே கதியாச்சு?

நெய்வேலிக்காரர்களுக்கு இது விளங்கும். அவர் எம்.பி.யாக இருந்த 1956இல்தான் இங்கே நிலக்கரி நிறுவனம் வந்தது. ரோஸ்டரில் வேலை வாங்கின நம்ம பையன் பிளாக் நம்பர் போட்டு விலாசம் எழுதறான். லீவுக்கு ஊருக்குப் போனா அதே பையன் காலனிக்காரன். தில்லியில் கௌரவ உறுப்பினர், தென்னாற்காட்டில் சேரிக்காரர் என்றுதான் இளையபெருமாளின் காலமும் போயிற்று.

2005இல் இறந்தார். சிதம்பரத்தில் நினைவு மண்டபம் என்று 2023இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 1970 மசோதாவின் அந்தப் பத்தியை அங்கே கல்லில் வெட்டி வைக்கச் சொல்லி டவுன்ஷிப் தோழர்கள் ஒரு மனு எழுதலாம்.