எழுதிய கைகள்

கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவர்கள் ஆலமரத்தடியில் போய் நின்றுவிடுகிறார்கள். 1925-ல் நோய் கண்ட அடிமரத்தை வெட்டி எடுத்த பிறகும் விழுதுகளாலேயே தழைக்கும் மரம், மயங்குவதில் தப்பில்லை. ஆனால் 1787-ல் கம்பெனியார் ஹூக்ளியின் மறுகரையில் அந்தத் தோட்டத்தைப் போட்டது அழகுக்காக அல்ல. யோசனை சொன்ன ராபர்ட் கிட் பட்டாளத்துக்காரர். பஞ்சத்துக்குச் சவ்வரிசி தரும் பனை, கப்பலுக்குத் தேக்கு என்று கணக்குப் போட்டவர்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1793-ல் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், அதற்கு முன்பு சோழமண்டலக் கரையில் இருந்தபோதே நம் நாட்டுச் சித்திரக்காரர்களை அமர்த்திச் செடிகளைப் படமாக எழுதச் செய்தார். கல்கத்தாவிலும் அது தொடர்ந்தது. மொத்தம் 2,500க்கும் மேற்பட்ட படங்கள். சாஸ்திரத்துக்காக எழுதியவைதாம். பூவைப் பிளந்து காட்டவேண்டும், விதையைத் தனியே வைக்கவேண்டும். அந்தக் கட்டுக்குள்ளும் ஓர் இலை மடங்குவதில் எத்தனை கவனம்! உவமையும் இல்லை, உருக்கமும் இல்லை. வர்ணனை, வர்ணனை என்று பக்கம் பக்கமாக நிரப்பும் நாங்கள் பொறாமைப்படவேண்டிய காரியம்.

எழுதியவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரில்லை. தோட்டத்துச் சரித்திரமோ மேலதிகாரிகளின் வரிசையாகவே நடக்கிறது. அந்தக் கால வழக்கம் என்பார்கள். எனக்குச் சம்மதமில்லை. ஒரு தலைமுறை கழித்து, சென்னையில் ராபர்ட் வைட் தம் சித்திரக்காரர்களான ரங்கையா, கோவிந்து பெயர்களைப் படங்களோடு அச்சிட்டார்; ஆர்க்கிட் இனம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அவரும் அதே கம்பெனியின் உத்தியோகஸ்தர்தான்.

கிட்டுக்கும் ராக்ஸ்பர்க்குக்கும் தோட்டத்தில் நினைவுச் சின்னங்கள் உண்டு. அடுத்த சரித்திரக்காரர் அவற்றை விட்டுவிட்டுப் பழைய சம்பளக் கணக்குகளைப் புரட்டட்டும்.