இரவுப் பாலும் தூக்கப் பயிற்சியும்

கைக்குழந்தை இரவில் நான்கு முறை எழுந்து பால் கேட்டால் தாயின் மறுநாள் எப்படி இருக்கும் என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அடுப்பில் பால் பொங்கி வழிவது கண்ணில் படாது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வரும். இந்த அலுப்பின் நடுவேதான் ‘தூக்கப் பயிற்சி’ என்ற யோசனை இன்று நம் இளம் பெற்றோரைக் கைபேசி வழியாக வந்தடைகிறது. குழந்தை விழித்திருக்கும்போதே படுக்கவைக்க வேண்டும். அழுதாலும் உடனே தூக்கக் கூடாது. சில நாளில் தானாகத் தூங்கப் பழகி, விடியும்வரை எழாது என்கிறார்கள். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு இது சரிப்படுமா?

இந்த வழிமுறை அமெரிக்காவில் வேர்விட்டது. குழந்தைகளுக்குக் கண்டிப்பான நேர ஒழுங்கு வேண்டும் என்ற போக்கு அங்கே பழையது. 1894இல் நியூயார்க் மருத்துவர் எம்மெட் ஹோல்ட் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலிலேயே அது இருந்தது. இன்றைய வடிவத்தைப் பரப்பியவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ரிச்சர்ட் ஃபெர்பர். 1985இல் வந்த அவருடைய புத்தகம் சொன்னது, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுங்கள் என்பதல்ல. சில நிமிடம் கழித்து உள்ளே போய்ச் சமாதானப்படுத்துங்கள், அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்பதுதான். இரவுப் பாலைக்கூடப் படிப்படியாகத்தான் குறைக்கச் சொன்னார். அவர் பெயரால் இன்று பரவும் பல அறிவுரைகளில் இந்த நிதானம் இல்லை.

ஃபெர்பர் சுட்டிக்காட்டிய அடிப்படைக் காரணம் வலுவானது. குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது அரைத்தூக்கத்துக்கு வரும். தூங்கப்போகும்போது எது இருந்ததோ அதையே அப்போது தேடும். மார்பில் சப்பியபடி கண்ணயர்ந்த குழந்தை மார்பைத் தேடும். தூளியில் ஆடித் தூங்கியது ஆட்டத்தைத் தேடும். நள்ளிரவில் தூளி நின்றதும் வீல் என்ற அழுகை கேட்டு, காலால் கயிற்றை ஆட்டிக்கொண்டே தூங்கிப்போன பாட்டிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆகவே, எல்லா விழிப்பும் பசியல்ல என்பது உண்மை. பசியாறிய குழந்தைக்குத் தானே தூங்கக் கற்றுக்கொடுப்பது கொடுமையும் அல்ல.

தாய்க்குக் கிடைக்கும் பலனையும் தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், தூக்கத்துக்கான வழிகாட்டல் பெற்ற தாய்மாரில் சுமார் 15 சதவீதத்தினரிடமே இரண்டு ஆண்டுக்குப் பின் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெறாதவர்களிடம் அது 26 சதவீதம். அந்தக் குழந்தைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்தபோது மனநலத்திலோ தாயோடுள்ள ஒட்டுதலிலோ எந்தக் குறையும் தென்படவில்லை. பயிற்சிக்கு ஆதரவாக எல்லோரும் காட்டும் ஆய்வு இதுதான். ஆனால் அந்தப் பெற்றோருக்குப் பயிற்சி தொடங்கியது குழந்தைக்கு எட்டு மாதம் ஆன பிறகு. இடைவெளி விட்டுச் சமாதானப்படுத்துவது, குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து வாரக்கணக்கில் மெல்ல விலகுவது என்ற இரண்டில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். நான்கு மாதக் குழந்தையைத் தனி அறையில் அழவிடுவதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிடுவது நேர்மையல்ல.

தாய்ப்பால் என்று வந்தால் கணக்கு இன்னும் மாறிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், தாய்ப்பால் மட்டும் குடித்த 71 குழந்தைகளின் ஒரு நாள் பாலை அளந்தார்கள். சராசரியாக ஒரு குழந்தை நாளுக்குப் பதினொரு முறை குடித்தது. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் இரவிலும் குடித்தன. அவை குடித்த மொத்தப் பாலில் ஐந்தில் ஒரு பங்கு இரவில் குடித்தது. தானே தூங்கிவிடும் சில குழந்தைகளைப் பார்த்துவிட்டு, ‘ஆறு மாதக் குழந்தைக்கு இரவில் பால் தேவையில்லை’ என்று எல்லாக் குழந்தைக்கும் ஒரே விதி போடுவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். மார்பு ஒரே நேரத்தில் தேக்கிவைக்கும் பாலின் அளவு பெண்ணுக்குப் பெண் பல மடங்கு வேறுபடும். அதிகம் தேங்கும் தாயின் குழந்தை பகலிலேயே வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கலாம். குறைவாகத் தேங்குபவரின் குழந்தை அடிக்கடி குடித்தால்தான் உடம்பு தேறும். அந்தத் தாய்க்குப் பால் பற்றாக்குறை கிடையாது. அவர் உடலின் அமைப்பு அப்படி.

உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். நிறைந்த மார்பு காலியாகாமல் கிடந்தால் சுரப்பு குறையும். இரவுப் பாலைச் சட்டென்று நிறுத்தினால் முதலில் பால் கட்டிக்கொள்ளும். சிலருக்கு நெறி கட்டிக் காய்ச்சல் வரும். பிறகு பகல் பாலும் வற்றத் தொடங்கும். ‘உனக்குப் பால் பத்தலை, பவுடர் பால் கொடு’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பவுடர் பால் குடித்தால் குழந்தை விடியும்வரை தூங்கும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் பலமாக இருக்கிறது. அதற்கும் ஆதாரம் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளைப் பற்றிய பிரிட்டன் ஆய்வு ஒன்றில், தாய்ப்பால் குடித்தவையும் பவுடர் பால் குடித்தவையும் இரவில் எழுந்ததில் வேறுபாடு இல்லை. முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை ஒரு முறையாவது எழுந்தன.

பலரும் சொல்லாமல் விடும் இன்னொன்றும் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் அடுத்த கருத்தரிப்பிலிருந்து 98 சதவீதம் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் இரவில் பால் கொடுக்கும் இடைவெளி ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஐந்தாம் மாதத்தில் இரவுப் பாலை நிறுத்தும் தாய், வேறு கருத்தடை எதுவும் இல்லாவிட்டால், இந்தப் பாதுகாப்பை அறியாமலே இழக்கிறார்.

இரவில் அழுவது பசியா பழக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குழந்தையின் வாயையும் தொண்டையையும் கவனித்தால் போதும். பசித்த குழந்தை தாடை நன்றாக இறங்க, மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்கும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை மடக்கென்று விழுங்கும் ஒலி கேட்கும். மூடியிருந்த கைவிரல்கள் வயிறு நிறைய நிறைய விரியும். பழக்கத்துக்குச் சப்பும் குழந்தை உதட்டு நுனியால் விர்விர்ரென்று இழுக்கும். விழுங்கும் சத்தம் அரிதாகத்தான் கேட்கும். இரண்டு நிமிடத்தில் கண் செருகும். இந்த இரண்டாவதற்குத்தான் பயிற்சி. பல பயிற்சித் திட்டங்களோ கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லித் தருகின்றன, குழந்தையைப் பார்க்கச் சொல்லித் தருவதில்லை.

பயிற்சிக்குப் பின் குழந்தை உண்மையில் எழுவதே இல்லையா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. கனடாவில் 235 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வில், எழுவது குறைந்துவிட்டது என்று பெற்றோர் குறிப்பேட்டில் எழுதினார்கள். குழந்தையின் உடலில் கட்டிய அசைவுக் கருவியோ பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. குழந்தைகள் எழுந்தும் கூப்பிடாமல் கிடந்திருக்கின்றன. அவை அமைதியாக மறுபடி உறங்கினவா, கூப்பிட்டுப் பயனில்லை என்று விட்டனவா? நியூசிலாந்தில் 25 குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், அழுகை நின்ற பிறகும் மன அழுத்த ஹார்மோன் குறையவில்லை என்றார்கள். ஆஸ்திரேலியாவில் 43 குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் தீங்கு எதையும் காணவில்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். இவற்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மாரைக் குற்றவாளி ஆக்குவதும் தவறு, முழு நிம்மதி கொடுப்பதும் தவறு.

நம் வீடுகளில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஒரே படுக்கையறை, பக்கத்துச் சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார், கூடத்தில் மாமியார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் பொறுப்பார். பதினோராவது நிமிடம் பாட்டி வந்து தூக்கிவிடுவார். நீண்ட நேரம் அழுதால்தான் தூக்குவார்கள் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். அடுத்த இரவு அழுகை இன்னும் நீளும். பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். தனியறை உள்ள வீட்டுக்காக எழுதிய முறையை அப்படியே இங்கே பெயர்த்து நடுவதுதான் கோளாறு.

வேலைக்குப் போகும் தாய்க்கு இன்னொரு நெருக்கடி. இந்தியச் சட்டம் தனியார் நிறுவனப் பெண்களுக்குத் தரும் மகப்பேறு விடுப்பு 26 வாரம் வரைதான். தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கும் அதே வேளையில் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதனால்தான் நான்காம் மாதமே பல வீடுகளில் பதற்றம் பிடிக்கிறது. பெரிய ஆய்வொன்றில் ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் ஆறு மணி நேரம்கூடத் தொடர்ந்து தூங்கவில்லை. அவற்றின் வளர்ச்சியில் குறை எதுவும் காணப்படவில்லை. எழுவது நோயல்ல என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

என் முடிவு இது. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள தாய்ப்பால் குழந்தைக்கு இந்தப் பயிற்சி வேண்டாம். எட்டு மாதத்துக்குப் பிறகு, எடை சீராக ஏறிக்கொண்டிருந்தால், மார்பிலேயே தூங்கும் பழக்கத்தைப் பக்கத்தில் இருந்தபடி மெல்ல மாற்றலாம். பசிக்குக் கேட்கும் ஓரிரு இரவுப் பாலை அப்போதும் விட்டுவையுங்கள். தொடங்கும் முன்னும், இரண்டு வாரம் கழித்தும் குழந்தையை எடை போட்டுப் பாருங்கள். ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பால் கொடுப்பதைத் தவிர இரவு வேலை எல்லாம் உங்களாலும் முடியும். துணி மாற்றுங்கள், ஏப்பம் விடவையுங்கள், தோளில் போட்டுத் தட்டிக்கொடுங்கள். குழந்தைக்குப் பயிற்சி தொடங்குவதற்கு முன் அதை ஒரு மாதம் செய்து பாருங்கள்.