தோற்கத் தெரிந்தவர்கள்

1981 ஜூன் 18. வடமேற்கு லண்டனின் வெம்ப்ளி அரினாவில் பிக் டாடிக்கும் ஜயன்ட் ஹேஸ்டாக்ஸுக்கும் சண்டை. இருவர் எடையையும் கூட்டினால் முந்நூறு கிலோவைத் தாண்டும். தொலைக்காட்சியில் வருடக்கணக்கில் ஊதிப் பெருக்கிய பகை அது. ஆனால் சண்டை மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஹேஸ்டாக்ஸ் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தார், நடுவர் எண்ணி முடிப்பதற்குள் எழவில்லை, ஆட்டம் முடிந்தது. கூட்டம் 'ஈஸி, ஈஸி' என்று கத்தியது. மல்யுத்தம் என்று சொல்லும்படி ஒரு பிடியை அதில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

பிக் டாடியின் இயற்பெயர் ஷெர்லி க்ராப்ட்ரீ. அப்போது அவருக்கு வயது ஐம்பது. 1950களிலேயே களத்தில் இருந்தவர், இடையில் பல வருடம் ஒதுங்கிவிட்டு எழுபதுகளில் திரும்பி வந்தார். அன்று பிரிட்டிஷ் மல்யுத்தத்தைக் கையில் வைத்திருந்த ஜாயின்ட் புரமோஷன்ஸில் யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது என்று முடிவுசெய்தவர் அவருடைய தம்பி மேக்ஸ். பிறகென்ன? அண்ணன் தோற்பதே அபூர்வமாகிவிட்டது.

வயதும் உடம்பும் ஒத்துழைக்காதபோது அவரை வைத்து எப்படிச் சண்டை நடத்தினார்கள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருவருக்கு இருவர் என்ற ஜோடி ஆட்டம். டாடிக்கு ஜோடியாகத் திறமையான, மெலிந்த ஓர் இளைஞன். தாவுவதும் புரள்வதும் பிடிபோடுவதும் அவன் வேலை. பிறகு எதிரணியின் இரண்டு தடியர்களிடமும் மாட்டி அடிவாங்குவதும் அவன் வேலைதான். பார்ப்பவர்களுக்குப் பொறுக்காமல் போகும் கட்டத்தில் தவழ்ந்து மூலைக்கு வந்து டாடியின் கையைத் தொடுவான். டாடி உள்ளே நுழைவார், தொப்பையால் இரண்டு இடி, கடைசியாக எதிராளிமேல் அப்படியே விழுவார். மணி அடிக்கும். குழந்தைகள் அவரை நோக்கி ஓடுவார்கள். பையனை யார் பார்த்தார்கள்?

அந்தப் பையன்கள் ஊரைவிட்டுப் போனார்கள். லங்காஷயரைச் சேர்ந்த டாம் பில்லிங்டன் 'டைனமைட் கிட்' ஆகி 1978இல் கனடாவின் கால்கரிக்குப் போனார். சில வருடத்தில் அவருடைய உறவுக்காரப் பையன் டேவி பாய் ஸ்மித்தும் பின்னாலேயே போனார். உள்ளூரில் டாடி மட்டும் பாக்கி. 1987 ஆகஸ்டில் கிரேட் யார்மத்தில் அவர் மேலே விழுந்த ஆட்டத்துக்குப் பின் மல் கர்க் என்ற மல்லர் இறந்துபோனார். கர்க்குக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தது, டாடிமேல் குற்றமில்லை என்று விசாரணை முடிந்தது. ஆனாலும் ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவரின் உடல் எடையை நம்பித்தான் ஒரு தொழில் நடந்துகொண்டிருந்தது என்பதை மறைக்க முடியவில்லை. 1988 டிசம்பரோடு ஐடிவி தொலைக்காட்சி மல்யுத்த ஒளிபரப்பை நிறுத்தியது. ஒளிபரப்பு நேரத்தை மாற்றி மாற்றி வைத்தது, அமெரிக்க நிகழ்ச்சிகளின் வரவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நிறுத்தியபோது 'இந்தப் பையனுக்காகவாவது விட்டுவையுங்கள்' என்று கைகாட்ட, வீட்டுக்கு வீடு தெரிந்த ஒரு புதுமுகம் இல்லை. விதைநெல்லைப் பத்து வருடம் குத்திப் பொங்கித் தின்றிருந்தார்கள்.

1992 ஆகஸ்ட் 29 அன்று, வெம்ப்ளி அரினாவுக்குப் பக்கத்திலேயே உள்ள வெம்ப்ளி ஸ்டேடியத்தில், இன்று டபிள்யூ.டபிள்யூ.இ என்று அழைக்கப்படும் அமெரிக்க நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்பின் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி நடந்தது. 80,355 பேர் என்று அறிவித்தார்கள். கடைசி ஆட்டம் உலகப் பட்டத்துக்கானது அல்ல, இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்கானது. பிரெட் ஹார்ட்டை அவருடைய மைத்துனர் 'பிரிட்டிஷ் புல்டாக்' வென்றார். புல்டாக் வேறு யாருமல்ல, ஜாயின்ட் புரமோஷன்ஸ் கைநழுவவிட்ட டேவி பாய் ஸ்மித்தேதான். வயது இருபத்தொன்பது. அன்றைய ஆட்டம் புல்டாக்குக்கு மறந்தேபோய்விட்டது, ஒவ்வொரு அசைவையும் தானே காதில் சொல்லிக்கொண்டு போனதாக பிரெட் ஹார்ட் பிற்பாடு சொன்னார். தோற்க வேண்டியவரே தன்னை ஜெயிப்பவரைக் கைப்பிடித்து நடத்திச் சென்றிருக்கிறார்! இந்தத் தொழிலில் மூத்தவர் ஒருவர் செய்யக்கூடிய உச்சமான வேலை அதுதான் என்பது என் எண்ணம்.

கிரிக்கெட்டில் கிழவர்களை வயது வெளியேற்றிவிடும். பந்து மட்டையில் படவில்லை என்றால் பழைய சதங்கள் காப்பாற்றாது. மல்யுத்தத்தில் அந்த வடிகட்டி கிடையாது. முடிவு மேடைக்குப் பின்னால் எழுதப்படுவதால் ஐம்பத்து மூன்று வயது கோல்ட்பெர்க், 2020 பிப்ரவரியில் ரியாத்தில், மாதக்கணக்கில் அசைக்க முடியாத பேயாகக் காட்டப்பட்டுவந்த ப்ரே வயட்டைச் சில நிமிடங்களில் வீழ்த்திப் பட்டத்தை வாங்கிச் செல்ல முடிகிறது. வெற்றிக்கு இங்கே செலவே இல்லை. மதிப்பு முழுக்கத் தோல்வியில்தான் இருக்கிறது. இருபது வருடம் தோற்காதவன் யாரிடம் தோற்கிறானோ, அவனுக்கு அந்த இருபது வருடமும் கைமாறுகிறது. கோல்ட்பெர்க் ஜெயித்த அன்று எதுவும் கைமாறவில்லை. வயட்டிடம் இருந்தது அழிந்தது, அவ்வளவுதான்.

பழையவர்களை அழைத்து வருவதே தவறு என்று சொல்லிவிட முடியுமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. கேபிள் டிவி வந்த காலத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் கார்டு சேர்த்து வளர்ந்த தலைமுறை இன்று லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் பிள்ளைகளோடு குடியிருக்கிறது. அப்பாவுக்கு அண்டர்டேக்கர், பிள்ளைக்கு ரியா ரிப்ளி. இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைப்பது பழைய முகங்கள்தான். 2023 செப்டம்பரில் ஜான் சீனா இந்தியாவில் முதன்முறையாகச் சண்டையிட்டபோது ஹைதராபாத் கச்சிபௌலி அரங்கம் அதிர்ந்தது. பக்கத்தில் நின்றவர் அன்றைய உலக சாம்பியன் சேத் ராலின்ஸ், ஆனால் கூட்டம் வந்தது சீனாவுக்காக. 2024இல் 'கில்லி'யைத் திரும்பத் தியேட்டரில் போட்டபோது ஆடித் தீர்த்தவர்கள் நாம், இதைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால் 'பழையவர்கள் இல்லாமல் டிக்கெட் விற்காது' என்ற வாதத்தை மட்டும் லண்டன் உடைத்துவிட்டது. டபிள்யூ.டபிள்யூ.இக்குப் போட்டியான ஏஇடபிள்யூ நிறுவனம் 2023 ஆகஸ்ட் 27 அன்று வெம்ப்ளி ஸ்டேடியத்தில் 'ஆல் இன்' நடத்தியது. எந்தச் சண்டையையும் அறிவிக்காத நிலையிலேயே அறுபதாயிரத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகள் போய்விட்டன. பல வருடமாகப் பெரிய நிகழ்ச்சி கிடைக்காத ஊரின் பசி அது. பெயர்களுக்காக விற்ற டிக்கெட் அல்ல.

அந்த ஒரே ராத்திரியில் மூத்தவர்களை வைத்து என்னென்ன செய்யலாம் என்பதற்கு மூன்று மாதிரிகள் கிடைத்தன. ஐம்பத்திரண்டு வயது கிறிஸ் ஜெரிகோ தன் ஃபோஸி இசைக்குழுவோடு பாடிக்கொண்டே வந்தார், பிறகு எசெக்ஸ்காரரான முப்பது வயது வில் ஆஸ்ப்ரேயிடம் தோற்றார். பாட்டு வாங்கிய கைதட்டல் முழுக்க ஆஸ்ப்ரேயிடம் போய்ச் சேர்ந்தது. கணக்கு நேர்.

ஸ்டிங் வேறு வகை. அறுபத்து நான்கு வயது, பக்கத்தில் ஜோடியாக டார்பி ஆலின் என்ற இளைஞன். பிக் டாடி சூத்திரம் மறுபடி வந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். அந்த நிறுவனத்தில் ஸ்டிங் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. 2024 மார்ச்சில் ஜெயித்தபடியேதான் ஓய்வுபெற்றார். ஆனாலும் வித்தியாசம் இருந்தது. மாடத்திலிருந்து மேசைமேல் பாய்ந்து உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டது கிழவர். வெளிச்சத்தைப் பையனோடு பங்குபோட்டுக்கொண்டார். தோற்காமலும் கடனைத் தீர்க்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் அவர்தான்.

மூன்றாவது, நாரிச் ஊர்ப் பெண் சராயா. கழுத்துக் காயத்தால் 2018இல் ஓய்வை அறிவித்துவிட்டுத் திரும்பியவர். குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அன்று மகளிர் பட்டம் வென்றார். ஸ்டேடியமே எழுந்து நின்றது. ஆறே வாரத்தில் பட்டம் கைமாறியது, அந்த ஆறு வாரத்தில் நினைவில் நிற்கும்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த ராத்திரியின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் மறுநாளைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.

டபிள்யூ.டபிள்யூ.இ பக்கம் வருவோம். 2023 ஜூலை 1 அன்று ஓ2 அரினாவில் சொல்லாமல் கொள்ளாமல் ஜான் சீனா வந்து நின்றார், நிறுவனத்தின் வருடாந்தரப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவை லண்டனுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார், காது கிழிந்தது. ஆனால் அன்று கடைசியாக நடந்ததுதான் இன்றும் பேசப்படுகிறது: மூன்றரை வருடமாக யாரும் தோள்களைத் தரையில் அழுத்தி வென்றிராத ரோமன் ரெய்ன்ஸை அவருடைய உறவினர் ஜே ஊஸோ அழுத்தி வென்றார். ஏவல் ஆளாக இருந்தவன் திமிறி எழுந்த கதை. வாரம் தவறாமல் அதைப் பொறுமையாக வளர்த்திருந்தார்கள். அரங்கில் இரண்டு சத்தங்களும் ஒரே அளவுதான். முதல் சத்தம் சீனா மேடையைவிட்டு இறங்கியதும் அடங்கியது, இரண்டாவதிலிருந்து அடுத்த வருடத்துக்கான கதைகள் கிளைத்தன.

மேலிடம் இதை உணர்ந்துகொண்டதாகத் தெரியவில்லை. 2024 தொடக்கத்தில் கோடி ரோட்ஸுக்கு வரவேண்டிய ரெஸில்மேனியா ஆட்டத்தை 'தி ராக்' வாங்கிக்கொள்ளப் பார்த்தார். ரசிகர்கள் கொதித்து எழுந்த பிறகுதான் பின்வாங்கினார்கள். அடுத்த வருடம் சீனா அதே கோடியை வென்று பதினேழாவது முறையாக உலகப் பட்டம் வாங்கினார். எண்ணிக்கைச் சாதனைக்காக எழுதப்பட்ட வெற்றி. அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க விரும்புபவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

சீனாவை முடித்துவைத்தவர் குந்தர் என்பதால் லண்டன் மறுபடி கதைக்குள் வருகிறது. ஆஸ்திரியரான அவர் 'வால்டர்' என்ற பெயரில் பேர்வாங்கிய இடங்களில் கேம்டனின் எலெக்ட்ரிக் பால்ரூம் முக்கியமானது. 2012இல் இஸ்லிங்டனில் தொடங்கிய புரோகிரஸ் என்ற சிறு நிறுவனம் மாதாமாதம் அங்கே சண்டை நடத்தியது. நின்றுகொண்டு பார்க்கும் கூட்டம், பிளாஸ்டிக் டம்ளரில் பீர், வால்டரின் உள்ளங்கை எதிராளியின் நெஞ்சில் பட்டால் பின்சுவர்வரை கேட்கும். அந்த நிறுவனம் 2018 செப்டம்பரில் பழைய பெருந்தலைகளைத் துணைக்கு அழைக்காமலேயே ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி வெம்ப்ளி அரினாவில் ஒரு நிகழ்ச்சி நடத்தியது. அதே வருடம் ஐடிவி 'வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்' என்ற பழைய பெயரைத் தூசிதட்டி ஒரு தொடர் போட்டது. பத்து வாரம், அதோடு சரி.

2025 ஜூலையில் கோல்ட்பெர்க்கின் கடைசி ஆட்டம், டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் சீனாவின் கடைசி ஆட்டம். இரண்டிலும் ஜெயித்தது குந்தர். ஒருபோதும் விட்டுக்கொடுக்காதவர் என்று பேர்வாங்கிய சீனா, குந்தரின் பிடியில் சிரித்துக்கொண்டே கையைத் தட்டி விட்டுக்கொடுத்தார். நான் மேலே கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனாலும் கூட்டம் ஊளையிட்டது, நிறுவனத்தை நடத்துபவர்களைப் பார்த்தே ஊளையிட்டது. வருடம் முழுக்கப் 'போகிறார், போகிறார்' என்று நினைவுப் பொருள் விற்றுப் பழக்கப்படுத்திய கூட்டத்திடம் கடைசி நாளில் வேறெதை எதிர்பார்க்க முடியும்? இன்னொன்று, குந்தருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. உலகப் பட்டத்தை ஏற்கெனவே இரண்டுமுறை வென்றவருக்குச் சீனாவின் தோல்வி அலங்காரம்தான். இருபத்தைந்து வயதுக்காரன் ஒருவனுக்கு அதுவே வாழ்க்கையாக இருந்திருக்கும்.

அப்படி ஒருவன் லண்டனிலிருந்து வருவதற்கான வழியையும் அடைத்துவிட்டார்கள். கேம்டன், பெத்னல் கிரீன் கூடங்களின் நல்ல மல்லர்களை அள்ளிக்கொண்டு டபிள்யூ.டபிள்யூ.இ தொடங்கிய என்எக்ஸ்டி யுகே 2022இல் மூடப்பட்டது, பலர் வேலையிழந்தார்கள். அதற்குப் பதிலாக 2023இல் வரும் என்று சொன்ன என்எக்ஸ்டி ஐரோப்பா அந்த வருடம் வரவில்லை. ஓ2 அரினாவுக்கு அமெரிக்காவிலிருந்து நட்சத்திரங்கள் தவறாமல் வந்துபோகிறார்கள், டிக்கெட் விலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.