கெர்பல் விளையாட்டும் கெப்ளர் விதியும்

ஒரு நாள் ஆய்வகத்தில் ஊசல் சோதனை முடிந்தபின் மாணவர் இருவர் வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஒரே வட்டப் பாதையில் இரண்டு விண்கலங்கள் பூமியைச் சுற்றுகின்றன. பின்னால் வருவது முன்னால் செல்வதை எட்டிப் பிடிக்க என்ன செய்ய வேண்டும்? "வேகத்தைக் கூட்ட வேண்டும்" என்றார் ஒருவர். "இல்லை, குறைக்க வேண்டும்" என்றார் மற்றவர். வாசகரே, நீங்கள் யார் பக்கம்?

இரண்டாமவர் சொன்னதே சரி. எதில் படித்தாய் என்று கேட்டேன். "படிக்கவில்லை சார், விளையாடினேன்" என்றார். ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். "குறைத்தால்தான் சார் பிடிக்க முடிகிறது" என்றார். இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவிலேதான் அவ்விளையாட்டின் சிறப்பும் குறையும் அடங்கியிருக்கின்றன.

அதன் பெயர் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்'. மெக்சிகோ நகரில் இயங்கிய 'ஸ்குவாட்' என்னும் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய பெலிப்பே பலாங்கே என்பவரின் எண்ணத்தில் பிறந்தது. 2011-இல் முதல் வடிவமும், 2015-இல் முழு வடிவமும் வெளிவந்தன. கெர்பின் என்ற கற்பனைக் கோளில் பச்சை நிறக் குள்ளர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்காக நாம் இராக்கெட் கட்டி ஏவ வேண்டும். சுட்டு வீழ்த்தப் பகைவர் எவருமில்லை. ஈர்ப்பு விசை ஒன்றே எதிரி.

விளையாட்டில் ஈர்ப்பு விசை நுழைந்தது புதிதன்று. 1962-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் ஆக்கிய 'ஸ்பேஸ்வார்' விளையாட்டிலேயே, திரையின் நடுவிலிருந்த விண்மீன் கலங்களைத் தன்பால் இழுத்தது. ஆனால் கலங்கள் வீசும் குண்டுகளை அது இழுக்கவில்லை! அவற்றுக்கும் சேர்த்துக் கணக்கிட அன்றைய கணிப்பொறிக்கு வேகம் போதவில்லை. ஆகவே ஒரு விளையாட்டை இயற்பியல் நோக்கில் எடைபோடும்போது, அது எதை விட்டுவிட்டது, ஏன் விட்டது என்றும் கேட்க வேண்டும்.

கெர்பினின் ஆரம் 600 கி.மீ.; பூமியின் ஆரமோ சுமார் 6,370 கி.மீ. எனினும் இரண்டின் தரையிலும் ஈர்ப்பு முடுக்கம் 9.81 மீ/வி² தான். இது பொருந்துமா? பொருந்த வேண்டுமானால் கெர்பினின் சராசரி அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 கிராம் இருக்க வேண்டும். பூமிக்கு அது 5.5 கிராம். தனிமங்களில் மிக அடர்ந்த ஆஸ்மியத்துக்கே 22.6 கிராம்தான். அத்தகைய கோள் எங்கும் இருக்க முடியாது.

தெரிந்தேதான் இவ்வாறு செய்தார்கள். பூமியைத் தாழ்வாகச் சுற்ற வினாடிக்கு 7.8 கி.மீ. வேகம் வேண்டும், கெர்பினைச் சுற்ற 2.3 கி.மீ. போதும். எரிவாயு வினாடிக்கு 3 கி.மீ. வேகத்தில் வெளியேறும் இராக்கெட் ஒன்றைக் கொள்வோம். காற்றுத் தடை முதலிய இழப்புகளை ஒதுக்கிவிட்டு, சியால்கோவ்ஸ்கியின் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். ஒரு டன்னைச் சுற்றுப்பாதையில் சேர்க்கக் கெர்பினில் 1.15 டன் எரிபொருள் வேண்டும். பூமியிலோ 12.5 டன் வேண்டும்! உண்மை அளவில் கோளை அமைத்திருந்தால் தொடக்கநிலை ஆட்டக்காரர் முதல் நாளே மனம் சோர்ந்திருப்பார். எனவே இந்தச் சுருக்கம் தேவையானதுதான். ஆனால் விண்ணுக்குப் போவது இவ்வளவு எளிதா என்று ஒரு மாணவர் எண்ணிக்கொண்டால், அந்த எண்ணம் பதின்மடங்கு தவறானது.

இன்னொன்று. இவ்விளையாட்டில் ஒரு கலத்தை ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்தான் ஈர்க்கும். கணக்கு எளிதாவதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே 2024 சனவரியில் நம் ஆதித்யா எல்-1 சென்றடைந்த இடம் போன்ற ஓர் இடம் அங்கே கிடையாது. சூரியனும் பூமியும் சேர்ந்து ஈர்ப்பதால் அமைவதன்றோ அது!

இவற்றை நான் பெருங்குறைகளாகக் கருதவில்லை. கெப்ளரின் விதிகள் அங்கே பிசகாமல் நடக்கின்றன. வேகத்தைக் கூட்டினால் பாதை உயர்ந்து பெரிதாகும், சுற்றும் காலம் நீளும், கலம் பின்தங்கிவிடும். 1965 சூனில் ஜெமினி-4 கலத்தில் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட், கழன்று மிதந்த தம் இராக்கெட்டின் ஒரு பகுதியை நெருங்க அதை நோக்கி உந்தினார்; அதுவோ விலகி விலகிப் போயிற்று. இவ்விதிகளைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நானும் விளையாட்டில் முதல் முறை அதே தவற்றைத்தான் செய்தேன். தேர்வுத்தாள் எனக்குக் காட்டாததை விளையாட்டு காட்டிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் மனக்குறை வேறொன்று. கலம் வெடித்தால் குள்ளர்கள் மடிகிறார்கள்; நாம் சிரிக்கிறோம்; ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் பழையபடி ஏவுதளத்தில் நிற்கின்றன. ஏன் வெடித்தது என்று எவரும் கேட்பதில்லை. இன்னும் இரண்டு எஞ்சின்களைக் கட்டி மறுபடி ஏவுகிறோம். 1986-இல் சாலஞ்சர் விண்ணோடம் எழுவரோடு அழிந்தபோது, ஒரு இரப்பர் வளையத்தில் காரணம் கண்டறியும்வரை தேடினார்கள். காரணம் தேடாமல் மறுபடி மறுபடி முயல்வது ஆய்வகத்திலும் உண்டு. அளவீடு பொருந்தாவிட்டால் அதை அடித்துவிட்டு வேறொன்று எடுக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். 'எப்படி' என்பது கைக்குப் பழகிவிடுகிறது. 'ஏன்' என்பது மனத்துக்கு வருவதேயில்லை.

வணிகமும் இதே பாதையில்தான் சென்றது. 2017-இல் ஒரு பெரிய நிறுவனம் இவ்விளையாட்டை வாங்கிற்று. இரண்டாம் பாகம் 2023-இல் முற்றுப்பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதன் வேலை நின்றது. கணக்கு முடியுமுன் ஏவப்பட்ட இராக்கெட் என்றே அதைச் சொல்லலாம். அங்கே பழைய நிலைக்குத் திரும்பும் பொத்தானும் இல்லை.

ஆகவே விளையாடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். விளையாடுங்கள்; பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கலம் வெடித்தால், பொத்தானை அழுத்துமுன் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். முதல் கணக்கை நானே தருகிறேன். கெர்பினின் தரைக்கு மேல் 80 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்றும் கலத்துக்கு ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? மேலே தந்த ஆரமும் முடுக்கமும் போதும். விடை 31 நிமிடங்களுக்குச் சற்று மேல் வர வேண்டும். பிறகு கலத்தை ஏவி, திரையிலுள்ள கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும் அந்த மகிழ்ச்சியை விளையாட்டு தானாகத் தராது; நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.