அருமையும் மதிப்பும்: ஒரு கைக்கடிகாரத்தின் மறுமதிப்பீடு

கலைப்பொருளாயினும் கைவினைப்பொருளாயினும், அது தோன்றிய காலத்திற் பெற்ற மதிப்பே அதன் இறுதி மதிப்பாக அமைந்துவிடுவதில்லை. ஒரு தலைமுறை ஒதுக்கியதை அடுத்த தலைமுறை தேடியெடுத்துப் போற்றுவது பண்பாட்டு வரலாற்றிற் பலகாலும் காணப்படுவதே. இத்தகைய மறுமதிப்பீடுகளை ஆராய்வோர் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. மாறியது பொருளா, அதனை நோக்கும் கண்ணா, அன்றி இவ்விரண்டிற்கும் இடையே நின்று விலை பேசும் சந்தையா? சுவிற்சர்லாந்தின் றோலெக்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் வெளியிட்டதும், பின்னர் ‘டேற்றோனா’ என்று பெயர் பெற்றதுமான கைக்கடிகாரத்தின் வரலாறு இவ்வினாவுக்கு ஏற்றதோர் உரைகல்லாகும்.

இக்கடிகாரம் குறோனோகிராப் எனப்படும் வகையைச் சார்ந்தது. பொழுதைக் காட்டும் தொழிலுடன் நிறுத்தற் கடிகாரத்தின் தொழிலையும் அது செய்யும். முகப்பிலுள்ள மூன்று சிறு வட்டங்களுள் ஒன்று ஓடும் செக்கனையும், ஏனைய இரண்டும் அளக்கப்படும் நிமிடங்களையும் மணித்தியாலங்களையும் காட்டுவன. முகப்பைச் சூழ்ந்த உலோக வளையத்தில் வேகத்தைக் கணிக்கும் அளவீடு பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு மைல் தூரத்தை 30 செக்கன்களிற் கடக்கும் வாகனத்தின் வேகம் மணிக்கு 120 மைல் என்பதை, நின்ற முள்ளின் நேரே உள்ள எண்ணைப் பார்த்து எவரும் அறியலாம். புளோரிடாவிலுள்ள ஓட்டப்பந்தயத் திடலின் பெயர் இதற்கு இடப்பட்டமைக்குக் காரணம் இத்தொழிலே. ஏறக்குறைய 37 மில்லிமீற்றர் விட்டமுடைய இக்கருவி, அணிகலன் என்பதிலும் ஓட்டுநரின் கைக்கருவி என்றே கருதப்பெற்றது.

அக்காலத்தில் இதனை விரும்பி வாங்கியோர் சிலரே. நாள்தோறும் கையால் முறுக்கேற்ற வேண்டிய கடிகாரம் இது. 1969ஆம் ஆண்டிலோ, கையசைவினாலேயே முறுக்கேறும் குறோனோகிராப்கள் சுவிற்சர்லாந்திலும் யப்பானிலும் வெளிவந்தன. அதே ஆண்டின் இறுதியில் யப்பானின் செய்கோ நிறுவனம் முதலாவது குவாற்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துல்லியத்திலும் மலிவிலும் இயந்திரக் கடிகாரங்கள் அதனோடு போட்டியிட இயலவில்லை. 1970இல் ஏறக்குறைய 90,000 பேர் தொழில் செய்த சுவிற்சர்லாந்துக் கடிகாரத் துறை, 1980களின் நடுப்பகுதிக்குள் 30,000க்குச் சற்று மேற்பட்டோரையே கொண்டதாகச் சுருங்கியது. இவ்வீழ்ச்சியின் நடுவே கையால் முறுக்கும் குறோனோகிராப் பழமையின் எச்சமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அவற்றுள்ளும் ஒருவகை முகப்பு மேலும் புறக்கணிக்கப்பட்டது. சிங்கர் என்னும் முகப்புத் தயாரிப்பாளர் செய்த அதில், சிறு வட்டங்களின் எண்கள் 1920களின் அலங்காரப் பாணியை நினைவூட்டின. கோடுகளின் நுனிகளிற் சிறு சதுரங்கள் இடப்பட்டிருந்தன. வெளிவிளிம்பிற் செக்கன்களைக் காட்டும் தடம் வேறு நிறம் பெற்று, முகப்பினின்று சற்றே தாழ்ந்து அமைந்தது. சிலவற்றிற் செந்நிறமும் சேர்ந்துகொண்டது. அடக்கமான முகப்பையே விரும்பிய வாங்குவோருக்கு இது கூத்தாடியின் கோலமாகத் தோன்றியது. கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் இவை நெடுங்காலம் விலைபோகாது கிடந்தன.

இம்முகப்பையுடைய கடிகாரமொன்றை அமெரிக்க நடிகர் போல் நியூமனுக்கு அவருடைய மனைவி ஜோஆன் வூட்வேட் பரிசாக அளித்தார். மோட்டார்ப் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டு, 1979இல் லு மான் பந்தயத்தில் இரண்டாம் இடம்பெற்ற அணியில் ஓட்டிய நியூமன் அதனைப் பல்லாண்டுகள் அணிந்தார். 1980களில் இத்தாலியச் சேகரிப்பாளர் இம்முகப்பைத் தேடத் தொடங்கினர். அதற்கு நடிகரின் பெயரே வழங்கலாயிற்று. 1988இல் தானே முறுக்கேறும் 40 மில்லிமீற்றர் அளவுடைய புதிய டேற்றோனா வெளிவந்ததும், பழைய சிறு கடிகாரம் மீளாத காலமொன்றின் சின்னமாயிற்று. 2017 ஒக்ரோபரில் நியூமன் அணிந்த அக்கடிகாரம் நியூயோர்க்கில் ஏலமிடப்பட்டு, 1 கோடியே 77 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட விலையைப் பெற்றது. அன்றுவரை எந்தக் கைக்கடிகாரமும் ஏலத்தில் அத்தொகையை எட்டியதில்லை.

இம்மாற்றத்துக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படும். நடிகரின் புகழ் என்பது முதலாவது. இது ஒரு கடிகாரத்தின் ஏலவிலையை விளக்குமேயன்றி, அவர் கைபடாத ஏனையவற்றின்மீது எழுந்த வேட்கையை முழுமையாக விளக்காது. சிறுமையின் அழகு என்பது இரண்டாவது. 1990களுக்குப் பின் 42, 44 மில்லிமீற்றர் எனப் பெருத்துவந்த கடிகாரங்களிற் சலிப்புற்றோர், மணிக்கட்டுக்கு அடங்கிய அளவை நாடுகின்றனர் என்பர். இதில் உண்மையுண்டு. எனினும் 1963இல் 37 மில்லிமீற்றர் சிறியதெனக் கொள்ளப்படவில்லை. அது சாதாரண அளவே. பின்வந்தவற்றின் பெருக்கமே முன்னதைச் சிறிதாக்கியது. இன்று அடக்கம் என்று பாராட்டப்படும் பண்பு செய்தோரின் நோக்கத்தில் இருந்ததன்று, பிற்காலம் அதன்மீது ஏற்றியது.

மூன்றாவது காரணம் அருமை. இதுவே ஊன்றி நோக்கற்பாலது. கிடைத்தற்கு அரியது, போற்றுதற்குரியது என்னும் இரு பொருளையும் தமிழில் அருமை என்னும் ஒரு சொல்லே தாங்கி நிற்கின்றது. சந்தை இவ்விரண்டையும் ஒன்றாக்கி, முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுவுகின்றது. ஆனால் இக்கடிகாரம் ஏன் அரிதாயிற்று? எவரும் வாங்காமையால் குறைவாகவே செய்யப்பட்டது. எனவே அதன் அருமை அன்றைய மக்களின் புறக்கணிப்பு விட்டுச்சென்ற எச்சமேயாகும். அன்று விலையைக் குறைத்த அதே புறக்கணிப்பே இன்று விலையை உயர்த்துகின்றது. அரிதென்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. அவ்வாறு கொள்வோர் அழகைப் பற்றி எதுவும் கூறியவராகார். தொகையைப் பற்றியே கூறியவராவர்.

அவ்வாறாயின் இம்முகப்பிற் போற்றத்தக்கது யாதுமில்லையா? உண்டு. நிறவேறுபாடு வெறும் அலங்காரமன்று. வெளித்தடமும் சிறு வட்டங்களும் பெரும்பாலும் ஒரே நிறம் பெற்று நடுமுகப்பினின்று பிரிந்து நிற்பதால், பொழுதறிய நோக்கும் கண்ணும் அளவறிய நோக்கும் கண்ணும் தத்தம் இடத்தை விரைவிற் கண்டுகொள்கின்றன. வேகத்தின் அளவீடு முகப்பிலிருந்து வளையத்துக்குச் சென்றமையால் உள்ளே நெரிசல் குறைந்தது. பயனிலிருந்து பிறந்த ஒழுங்கும், அவ்வொழுங்கிற்குள் ஒரு விளையாட்டும் இங்கே ஒருங்கே அமைகின்றன. இச்சிறப்பு 1960களிலும் அதன்கண் இருந்தது. விலைபோகாது கிடந்த நாளிலும் குன்றவில்லை, ஏலக்கூடத்தில் ஒரு மாற்றும் கூடவில்லை.

இன்னுமொன்று மனங்கொள்ளத்தக்கது. இக்கடிகாரத்தின் உள்ளியக்கம் வல்ஜூ என்னும் தொழிற்சாலையின் இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டது. முகப்பு சிங்கரின் கைவேலை. முகப்பிற் பொறிக்கப்பட்ட பெயர் றோலெக்ஸ். சேகரிப்பாளர் நாவில் வழங்கும் பெயரோ அதனை அணிந்த ஒருவருடையது. செய்தோரின் பெயர் பின்னே மறைய, உடைமையாளரின் பெயரே பொருளின் பெயராகி நிற்கின்றது. பற்சில்லுகளை அராவியோரும் சதுரங்களை வரைந்தோரும் இப்புகழிற் பங்குபெறவில்லை. அத்தொழிலாளரிற் பலர் வேலையிழந்த ஆண்டுகளிலேயே அவர்தம் கைவேலையின் விலை ஏறத் தொடங்கியது என்பது இவ்வரலாற்றின் கசப்பான முரண்.

இன்று இவற்றுட் பல இரும்புப் பெட்டகங்களில், முறுக்கேற்றப்படாது உறங்குகின்றன. காலத்தை அளக்கப் பிறந்த கருவி காலத்தை அளக்காதிருப்பதாலேயே செல்வமாகப் பேணப்படுகின்றது. ஒதுக்கப்பட்டதை மீட்டெடுப்பது விமர்சனத்தின் கடமைகளுள் ஒன்றென்பதில் ஐயமில்லை. ஆயின் மீட்பு என்பது விலையை உயர்த்துவதோடு முடிவதன்று. பொருளின் பயனையும் செய்தோரின் உழைப்பையும் மீண்டும் கண்முன் நிறுத்தும்போதே அது நிறைவுறும். அந்த அளவில் நோக்கின், இச்சிறு கடிகாரத்துக்குச் சந்தை உரிய விலைக்கும் மேலாகவே கொடுத்துவிட்டது. உரிய மதிப்பு இன்னும் கொடுக்கப்படவில்லை.