மிருதங்கம் செய்தவரின் மகன்

திரைப்படங்களைப் பற்றி எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. ஆயினும் ஒரு மாணவன் கேட்ட கேள்வி சில மாதங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருப்பதால், அந்தக் கேள்விக்குக் காரணமான படத்தைப் பற்றி இங்கே எழுதத் துணிகிறேன். இராஜீவ் மேனன் இயக்கத்தில் 2019 பிப்ரவரி முதல் நாள் திரைக்கு வந்த ‘சர்வம் தாள மயம்’ என்னும் படம் அது. கல்வராயன் மலையின் அடிவாரத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த மாணவர் இல்லத்தில் ஒரு சனிக்கிழமை மாலை பிள்ளைகளோடு அமர்ந்து அதைப் பார்த்தேன். அவர்களில் பாதிப்பேர் மலை மேலிருந்து வந்தவர்கள். வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் அப்பால், பேருந்து நின்றபின் நடந்து போகவேண்டிய ஊர்கள் அவர்களுடையவை. தாய் தந்தையர் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ தோட்ட வேலைக்குப் போய்விடுகிறார்கள். மாலையில் பாடற்குழுப் பயிற்சி என்றால் முதலில் வந்து நிற்பவர்களும் இந்தப் பிள்ளைகள்தாம்.

கதை எளியது. சென்னையில் வாழும் ஜான்சன் என்னும் தலித் கிறித்தவர் மிருதங்கம் செய்கிறவர். அவர் மகன் பீட்டர், நடிகர் விஜய்யின் ரசிகர் கூட்டத்தில் திரிகிற பொறுப்பற்ற இளைஞன். தந்தை செய்த வாத்தியத்தைக் கொண்டு சேர்க்கப் போன இடத்தில் வேம்பு ஐயர் என்னும் பெரிய வித்துவானின் வாசிப்பைக் கேட்டுத் தன்னை மறக்கிறான். அவரிடமே கற்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அவர் முதலில் மறுக்கிறார், பிறகு ஏற்கிறார். அவருடைய மூத்த சீடனுக்கு அது பொறுக்கவில்லை. சூழ்ச்சியும் தொலைக்காட்சியும் குறுக்கே வந்து, பீட்டர் வெளியேற்றப்படுகிறான். நாடு முழுதும் அலைந்து பல மக்களின் தாளங்களைக் கேட்டுக் கற்றபின், திரும்பி வந்து ஒரு போட்டி மேடையில் வெல்கிறான்.

இதில் ஆசிரியரின் பாத்திரம்தான் படத்தின் உயிர். வேம்பு ஐயராக நடித்தவர், 2021 அக்டோபரில் மறைந்த மலையாள நடிகர் நெடுமுடி வேணு. அவர் உண்மையிலேயே மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவர் என்பது அவருடைய விரல்களைப் பார்த்தாலே புரியும். பாடம் சொல்லும் காட்சிகளில் அவர் அதிகம் பேசுவதில்லை. மாணவன் தவறாகத் தட்டும்போது முகத்தில் ஒரு சிறு வலி ஓடுகிறது. பல்லாண்டு பாடம் நடத்தியவர்களிடம் அந்த வலியை நான் பார்த்திருக்கிறேன். பீட்டராக நடித்த ஜி. வி. பிரகாஷ்குமார் இந்தப் படத்திற்காக உமையாள்புரம் சிவராமனிடம் பயிற்சி பெற்றார். அந்த உழைப்பும் திரையில் தெரிகிறது.

இன்னும் ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். ஆசிரியர் மாணவனை மாற்றுவதாகத்தான் இத்தகைய கதைகள் வழக்கமாகச் சொல்லும். இந்தப் படத்தில் மாணவனும் ஆசிரியரை மாற்றுகிறான். தொலைக்காட்சிப் போட்டி என்றாலே முகம் சுளிக்கும் வேம்பு ஐயர், இறுதியில் தன் மாணவனை அந்த மேடைக்குத் தயார் செய்கிறார். முதுமையில் ஒரு மனிதர் தம் வைராக்கியத்தை மகன்போன்ற ஒருவனுக்காகத் தளர்த்துவது எளிதன்று. வழிவழியாக வந்த வித்தை தம்மோடு முடிந்துவிடக்கூடாது என்னும் அச்சமும் அந்தத் தளர்வில் கலந்திருக்கிறது. இயக்குநர் இதை உரக்கச் சொல்லாமல் விட்டது நல்லது.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது, எட்டாம் வகுப்பில் படிக்கும் மலைப் பையன் ஒருவன் எழுந்தான். “சாமி, அவங்க அப்பாதான மிருதங்கம் செய்யறாரு. அவருகிட்டயே ஏன் கத்துக்கல?” என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். செய்வது வேறு, வாசிப்பது வேறு என்று உடனே ஒரு பதிலைச் சொல்லி அமர்த்திவிட்டேன். படுக்கப் போனபின்தான் என் பதில் எவ்வளவு அவசரமானது என்று தோன்றியது.

மிருதங்கம் எப்படி உருவாகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கட்டை பலாமரத்தில் கடையப்படுகிறது. நமக்குப் பக்கத்திலுள்ள பண்ருட்டிப் பலா இதற்குப் பெயர்பெற்றது. இருபுறமும் கட்டும் தோல்களுக்கும் இழுத்துக்கட்டும் வார்களுக்குமாகப் பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் தேவைப்படுகின்றன. வலந்தலையின் நடுவில் தெரியும் கருவட்டம், கல்பொடியையும் சோற்றையும் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றியது. ஒவ்வொரு அடுக்கு ஏறியபின்னும் தட்டிக் கேட்கவேண்டும். எந்த அடுக்கில் நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்லும். பிறகு விளிம்பைக் கல்லாலும் மரக்குச்சியாலும் தட்டித் தட்டிச் சுருதியில் நிறுத்தவேண்டும். நாதம் எது, ஓசை எது என்று பிரித்தறியாத ஒருவரால் இதில் ஒரு படியைக்கூடத் தாண்ட முடியாது. அப்படியானால் ஜான்சனின் வீட்டில் பிறந்த பீட்டர் இருபது ஆண்டுகளாக எந்தப் பள்ளியில் இருந்தான்? ஐயரின் வாசிப்பைக் கேட்ட முதல் நாளே அவன் உருகிப்போனதற்கு, அந்தக் காதை அவனுக்குக் கொடுத்தவர் யார்?

படம் இந்தக் கேள்வியின் வாசல்வரை வருகிறது, உள்ளே நுழைவதில்லை. ஜான்சனாக நடித்த குமரவேல் அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் அவருக்குத் தரப்பட்டிருப்பது கவலைப்படும் தந்தையின் வேடம். மகனின் படிப்புக்கு வருந்துகிறார், வித்துவான்முன் பணிந்து நிற்கிறார். அவருடைய அறிவு படத்தில் அறிவாக மதிக்கப்படவில்லை, வெறும் கைவேலையாகவே நின்றுவிடுகிறது. பீட்டர் நாடெங்கும் சென்று ஊர் ஊராகத் தாளம் கற்கும் பகுதி கண்ணுக்கு இனியது. ஆனால் தன் வீட்டுத் திண்ணையை மட்டும் அவன் பயணத்தில் சேர்க்கவில்லை.

படம் வெளியான மறு ஆண்டு, 2020இல், டி. எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூல் வந்தது. படம் விட்ட இடத்தை அந்த நூல் பெருமளவு நிரப்புகிறது என்பேன். மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாறு அது. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள், தஞ்சாவூரில் வேர்கொண்டவர்கள். பாலக்காடு மணி ஐயருக்கு வாத்தியம் செய்துகொடுத்த பர்லாந்து அவர்களில் ஒருவர். மேதையான வித்துவான் தாம் கேட்க விரும்பும் நாதத்தைச் சொல்ல, கைவினைஞர் அதைத் தோலிலும் மரத்திலும் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். இருவரில் யார் யாருக்கு ஆசிரியர் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் ஒருவர் பெயர் வானொலியில் ஒலித்தது, மற்றவர் பெயர் அந்தத் தொழிலுக்கு வெளியே பரவலாகத் தெரிய இந்த நூல் வரவேண்டியிருந்தது. நூலின் வெளியீட்டுக்கு முதலில் இடம் தர ஒப்பிய கலாக்ஷேத்திரா, அதன் ஒரு பகுதி செய்தித்தாளில் வெளியானபின், அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றதும் வரலாற்றில் பதிவாகிவிட்டது. தோல் இன்றி மிருதங்கம் இல்லை, ஆனால் தோலைப் பற்றிப் பேசினால் கூடம் இல்லை!

மறைநூலை ஆழ்ந்து வாசிக்கும் நமக்கு இங்கே ஒரு காட்சி நினைவுக்கு வரவேண்டும். இயேசு தம் சொந்த ஊர்த் தொழுகைக்கூடத்தில் போதித்தபோது, ஊரார் வியந்தார்கள், உடனே இடறலும் பட்டார்கள். அவருடைய தந்தையின் தொழிலைச் சொல்லியே அவரை அளக்கப் பார்த்தார்கள். தச்சுப் பட்டறையிலிருந்து ஞானம் வராது என்பது நாசரேத்து மக்களின் முடிவு. யோசேப்பு தம் மகனுக்கு என்ன கற்பித்தார் என்பதைப் பற்றி நற்செய்திகள் வாய் திறப்பதில்லை. ஆனால் அடித்தளம், நுகம், விதை, வலை என்று கைவேலையும் வயல்வேலையும் கலந்தே பேசிய அந்தப் போதகரின் மொழி வானத்திலிருந்து மட்டும் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. என் மாணவன் கேட்ட கேள்வியும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இனி, கத்தோலிக்க வாசகர்களாகிய நம்மைத் தொடும் பகுதிக்கு வருகிறேன். பீட்டரின் குடும்பம் கிறித்தவக் குடும்பம். படம் அவர்களுடைய விசுவாசத்தைக் கேலி செய்யவில்லை, பரிவோடுதான் காட்டுகிறது. ஆனால் சாதியின் கொடுமை எல்லாம் சபாவின் படிக்கட்டிலும், சொந்த ஊர்த் தேநீர்க் கடையின் குவளையிலும் மட்டுமே இருப்பதாகவும், கோவில் மணி ஒலிக்கும் இடத்தில் எல்லாம் சுகமே என்பதாகவும் பார்ப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. இயக்குநர் வெளியிலிருந்து பார்த்தவர், அவரைக் குறை சொல்லமாட்டேன். நமக்கு அந்தச் சாக்கு இல்லை. நம் உயர்மறைமாவட்டத்திலேயே, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ஏறையூரில், தலித் மக்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில், 2008 மார்ச் 9 அன்று காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். இறந்தவர்களும் கிறித்தவர்கள், எதிர்த்து நின்றவர்களும் கிறித்தவர்கள். ஒரே செபமாலையைச் சொல்லிய கைகள் அவை. வேம்பு ஐயரின் வாசலில் பீட்டர் நின்றதைப் பார்த்துக் கண்ணீர் விடும் நாம், நம் பாடற்குழுவில் யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்றும் ஒருமுறை பார்க்கலாம்.

இசையையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22, புனித செசிலியா விழாவன்று விடுத்த மடலில், ஆலயத்துக்குள் முரசும் தாளமும் போன்ற ஓசைமிகு கருவிகளைத் தடை செய்தார். ஐரோப்பிய ஆலயங்களில் நாடகமேடைச் சங்கீதம் புகுந்துவிட்டதைத் தடுப்பது அவர் நோக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தஞ்சையில் மிருதங்கத்துக்குத் தோல் கட்டிய கத்தோலிக்கனுக்கு அந்த மடல் என்ன சொல்லியிருக்கும்! அறுபது ஆண்டுகள் கழித்து, 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு வேறு பாதையைத் திறந்தது. மக்களினங்கள் தங்களுக்கெனக் கொண்டிருக்கும் இசை மரபை மதித்து, அதற்கு வழிபாட்டில் இடம் தரவேண்டும் என்று அதன் 119ஆம் எண் கேட்கிறது. இசை கற்பிக்கும் ஆசிரியர்களை அக்கறையோடு உருவாக்கவேண்டும் என்று 115ஆம் எண் கேட்கிறது. குருமடத்தில் இவ்விரண்டையும் மனப்பாடமாகத் தேர்வில் எழுதினேன். ஆனால் பங்குக்கு வந்தபின் கீபோர்டு வாங்க நிதி திரட்டியவனும் நானே. மலைப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய மேளம் கேட்டு வளர்ந்தவர்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. பள்ளிகளும் சாலைகளும் தாமதமாகவே வந்தன, தாளம் மட்டும் எவர் தயவும் இன்றி அங்கேயே இருந்தது. அதை நாங்கள் பாடம் என்று எண்ணவே இல்லை.

படத்தின் முடிவைப் பற்றியும் ஒரு சொல். தொலைக்காட்சிப் போட்டியில் வெல்வதுதான் பீட்டரின் கல்விக்குச் சான்று என்று முடித்தது பலவீனம். படம் எதைப் பழித்துக்கொண்டே வந்ததோ அதன் கையாலேயே மாலை வாங்கிக்கொள்கிறது. ஆசிரியரின் தாக்கம் நிற்கும் இடம் வேறு. பண்ணைப்புரத்திலிருந்து 1968இல் சென்னைக்கு வந்த இளைஞரான இளையராஜாவுக்கு, மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில் மேலை இசையைக் கற்பித்தார் தன்ராஜ் மாஸ்டர். அந்த அறைக்குப் பரிசுக்கோப்பை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. பல்லாண்டுகள் கழித்தும் மாணவர் தம் ஆசிரியரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பங்கிலும் முன்பு ஓர் உபதேசியார் இருந்தார். ஆர்மோனியம் ஒன்றே அவருடைய சொத்து. ஒவ்வொரு அடியின் முடிவிலும் மூச்சைச் சற்றே நிறுத்தி, கடைசி எழுத்தை மெல்ல வைக்கச் சொல்லுவார். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று பாடும் பிள்ளைகள் அவரைப் பார்த்ததில்லை, ஆனாலும் அந்த எழுத்தை அப்படித்தான் வைக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அக்காமார்கள் அவரிடம் படித்தவர்கள்.

குறைகள் இருந்தும் இந்தப் படத்தைப் பங்குகளில் இளைஞர்களோடு சேர்ந்து பார்க்கப் பரிந்துரைக்கிறேன். பார்த்தபின் விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள். என்னைப்போல் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.

கடந்த மாதம் எங்கள் கோவில் மிருதங்கத்தின் வார் தளர்ந்து, அதைச் சரிசெய்ய ஒரு பெரியவர் வந்தார். சக்கிரீத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து வேலையைத் தொடங்கினார். அந்த எட்டாம் வகுப்புப் பையனும் அருகே போய்க் குந்திக்கொண்டான். ஒவ்வொரு முறை தட்டும்போதும் பெரியவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் தலையை ஆட்டினான், அல்லது ஆட்டவில்லை. ஆட்டாதபோது அவர் மீண்டும் வாரை இழுத்தார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.