வரிசைக்குள் நின்று எடுத்த படங்கள்

அரியலூர் என்றால் பத்திரிகைகளில் வரும் படங்கள் எனக்கு மனப்பாடம். மேலிருந்து எடுத்த சுண்ணாம்புக்கல் சுரங்கம், கங்கைகொண்ட சோழபுரத்து விமானம், உள்ளங்கையில் ஏந்திய அம்மோனைட் புதைபடிவம். பெரம்பலூருக்கு இருக்கவே இருக்கிறது 12 கோடி வருஷத்துச் சாத்தனூர் கல்மரம். எல்லாம் அழகுதான். ஆள்தான் இல்லை. இருந்தாலும், கல்மரம் எவ்வளவு நீளம் என்று காட்ட ஓரமாக நிறுத்தப்பட்டவராக இருப்பார்.

இந்தப் படங்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்குப் புகைப்படக்காரர் செசில் வில்லியம்ஸ் பெரிய விருந்து. அமெரிக்காவில், தென் கரோலினாவின் ஆரஞ்சுபர்க் என்ற சிற்றூர்க்காரர், 1937-ல் பிறந்தவர். கறுப்பின மாணவர்களுக்காக 1869-ல் தொடங்கிய கிளாஃப்லின் கல்லூரியில் படித்தார். ஒன்பது வயதில் கைக்கு வந்த கேமராவோடு பதின்வயதிலேயே 'ஜெட்' இதழுக்குப் படம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். 1960-ல் பட்டம் வாங்குவதற்குள் நிறவெறிக்கு எதிரான போராட்டங்களைச் சொந்த ஊரிலேயே படமெடுத்திருந்தார்.

உலகம் அறிந்தது 1956-ம் வருஷத்துப் படம்: 'வெள்ளையர் மட்டும்' என்று எழுதிய குழாயில் குனிந்து தண்ணீர் குடிக்கும் இளைஞர். குடிப்பவர் வில்லியம்ஸ், எடுத்தவர் நண்பர். என் ஓட்டு அதற்கில்லை, மாணவர் போராட்டப் படங்களுக்கு. வெளியூர் நிருபர் ஊர்வலத்தைப் போலீஸ் பக்கம் நின்று எடுப்பார். அங்கிருந்து பார்த்தால் கூட்டம் மட்டுமே தெரியும். படமெடுக்கும் மாணவனோ வரிசைக்குள் நிற்கிறான். பக்கத்து முகம் அவனுக்குத் தெரிந்த முகம். ஜூம் லென்ஸ் வாங்கிக் கொடுத்தாலும் இந்த நெருக்கம் வராது.

1968 பிப்ரவரி 8-ம் தேதி இரவு, அதே ஊரில், பக்கத்துத் தென் கரோலினா ஸ்டேட் கல்லூரி வளாகத்தில் காவலர்கள் சுட்டு மூன்று இளைஞர்கள் செத்தார்கள். பந்து உருட்டி விளையாடும் கூடம் ஒன்றில் கறுப்பரை விடாததை எதிர்த்த போராட்டம் அது. அந்த நாட்களையும் வில்லியம்ஸ் பதிவு செய்தார். உள்ளூர்க்காரர், எங்கே போவார்?

நம் பக்கத்தில் இந்த நெருக்கத்தை நான் காண்பது மதுரை எம். பழனி குமாரிடம். மீன் விற்கும் தாயின் பிள்ளை, பொறியியல் படித்தவர். கேமரா கைக்கு வந்தது 2013-ல். ராமநாதபுரம் பக்கம் பாரதி நகரில் கடற்பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்களில் விரல்களைப் பாருங்கள். பாறை கிழிக்காமலிருக்க ஒவ்வொரு விரலிலும் துணிச் சுற்று, இடுப்பில் வலைப் பை, கண்ணுக்குக் கண்ணாடி. 'ஐயோ பாவம்' என்று சொல்ல விடாத படங்கள். கடலுக்குக் கிளம்பும் ஆயத்தம், அவ்வளவுதான். அம்மா மீன் கூடை தூக்குவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குத்தான், வேலைக்கு முன்னால் கை என்ன செய்யும் என்பது தெரியும் என்று நினைக்கிறேன். வட சென்னைப் பிள்ளைகளுக்கும் அவர் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். அவரவர் தெருவை அவரவரே எடுத்தார்கள்.

பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கும் விரல்களை, சிமென்ட் லாரித் தூசியில் சைக்கிள் மிதிக்கும் பெண்ணை எடுக்க வேண்டியவர் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. இங்கேயே ஏதோ ஒரு கல்லூரியில், கடைசி பெஞ்சில் இருப்பார். எடுத்தால், தயவுசெய்து படக்குறிப்பில் 'விவசாயத் தொழிலாளி' என்று போடாதீர்கள். பேரைக் கேட்டு எழுதுங்கள்.

எடுத்ததைப் பத்திரப்படுத்துவதும் கலைதான். நம் ஊர் ஸ்டூடியோக்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது நெகடிவ்கள் எத்தனை மூட்டை குப்பைக்குப் போயினவோ! வில்லியம்ஸ் தன் நெகடிவ்களைக் கணினிக்கு மாற்ற 'ஃபிலிம்டோஸ்டர்' என்ற கருவியையே உருவாக்கினார். 2019-ல் ஆரஞ்சுபர்கிலேயே அருங்காட்சியகமும் திறந்தார். மாணவனாக இருந்தபோது அவர் எடுத்த முகங்களின் பேரப்பிள்ளைகள் அங்கே போய், 'இது எங்க தாத்தா' என்று விரல் நீட்டலாம்.